படத்தில் இருக்கும் பாறையும் மேலூர்ப் பாறையும்

"பாறையின் நல்ல எக்ஸ்ரே படம் ஒன்று கையில் இருந்தால் போதும், இனி ஆய்வகத்தில் தண்ணீரை அழுத்திப் பார்த்து அளக்க வேண்டியதில்லை, மற்றதையெல்லாம் கணினியே சொல்லிவிடும்" என்று மதுரையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் பேசவந்தவர் சொன்னார். அரங்கில் பலர் தலையசைத்தார்கள். பாறைக்குள் நீர் எப்படி ஓடும், ஒலி எப்படிப் பரவும், மின்சாரம் எப்படிக் கடக்கும் என்பதைக் கணினியில் கணக்கிடும் வேலையைத்தான் நானும் செய்கிறேன் என்பதால் அந்தக் கூற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரும்பகுதி உண்மைதான். ஆனாலும் அந்த வாக்கியம் மனத்தில் நெருடிக்கொண்டே இருந்தது. தவறு என்று தள்ளவும் முடியவில்லை, சரி என்று விட்டுவிடவும் மனம் ஒப்பவில்லை. அவர் திரையில் காட்டிய படங்கள் எல்லாம் மணற்கற்கள். நாங்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்தின் அடியில் இருப்பதோ மணற்கல்லுக்கு எந்த வகையிலும் உறவில்லாத கடும்பாறை. அந்த வேறுபாட்டை அன்று யாரும் கேட்கவில்லை. நேரம் இல்லாததால் நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒரு கேள்வியில் அடங்கியிருக்காது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

படத்திலிருந்து எண் வரை

1856இல் பிரான்சின் திஜோன் நகரில் ஹென்றி டார்சி என்ற பொறியாளர், மணல் நிரப்பிய உருளைக்குள் நீரைச் செலுத்தி, அழுத்த வேறுபாட்டுக்கு நேர்விகிதத்தில் நீர் பாய்வதைக் கண்டு எழுதிவைத்தார். அந்த விகிதத்தில் நீரின் பிசுபிசுப்பைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கல்லின் சொந்தக் குணம். ஊடுபுகுதிறன் என்று அதைச் சொல்கிறோம். அவர் பெயரிலேயே வழங்கும் அலகில் ஒரு டார்சி என்பது ஏறத்தாழ ஒரு சதுர மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). கல்லில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறது என்பது புரைமை. அந்த வெற்றிடத்தின் வழியே எவ்வளவு எளிதாக நீர் போகும் என்பது ஊடுபுகுதிறன். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. ஒரே அளவு புரைமை உள்ள இரண்டு கற்களில் ஒன்று தண்ணீரைத் தாராளமாக விடும், மற்றொன்று சொட்டும் விடாது. காரணம் வெற்றிடங்களுக்கு இடையே உள்ள குறுகிய தொண்டைகள். மாசி வீதி எத்தனை அகலமாக இருந்தாலும் அதை அடுத்த வீதியோடு சேர்க்கும் சந்து அடைபட்டால் கூட்டம் நின்றுபோவதைத் திருவிழா நாளில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தத் தொண்டைகளைக் கணக்குக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1956இல் இர்விங் ஃபாட் முயன்றபோது அவர் கையில் பாறையின் படம் எதுவும் இல்லை. மின்தடைகளை வலைபோல் இணைத்து, ஒவ்வொரு தடையையும் ஒரு நுண்குழாயாகப் பாவித்து அளந்தார். இன்று மைக்ரோ சிடி ஸ்கேன் இருக்கிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள கல் துண்டைச் சுழலவிட்டு, ஒவ்வொரு கோணத்திலும் எக்ஸ்ரே படம் எடுத்து, அவற்றைச் சேர்த்து முப்பரிமாண உருவமாக்குகிறார்கள். உருவத்தின் மிகச் சிறிய கட்டத்துக்கு வாக்ஸல் என்று பெயர். பக்கத்துக்கு ஆயிரம் வாக்ஸல் என்றால் மொத்தம் நூறு கோடி. ஒரு வாக்ஸல் 2 மைக்ரான் என்றால் முழு உருவமும் 2 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம், அவ்வளவுதான். ஒவ்வொரு வாக்ஸலுக்கும் ஒரு சாம்பல் நிற அளவு இருக்கும்: அடர்ந்த கனிமம் வெளுப்பாக, வெற்றிடம் கருப்பாக. அதன்பின் ஒவ்வொரு வாக்ஸலையும் 'இது கல்', 'இது துளை' என்று பிரிக்க வேண்டும். பிரித்த பிறகு துளைகளுக்குள் லாட்டிஸ் போல்ட்ஸ்மான் முறையில், அதாவது நீரைக் கட்டம் விட்டுக் கட்டம் தாவும் துகள்களாகப் பாவித்து, ஓடவிடலாம், கல் பகுதியின் மீள்தன்மையை, அதைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் சிற்றுறுப்பு முறையில் கணக்கிடலாம், உப்புநீர் நிரம்பியிருந்தால் மின்கடத்தல் எவ்வளவு என்றும் பார்க்கலாம். ஆய்வகத்தில் ஒரே கல்லை ஒருமுறை உடைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. கணினிக்குள் இருக்கும் கல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் உடைக்கலாம், எண்ணெய் நிரப்பலாம், காலி செய்து நீர் நிரப்பலாம்.

இந்த வசதியின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. நீரோட்டத்தின் வேகத்தை நிறமாகப் போட்டு முதன்முதலில் பார்த்தபோது, துளைகளில் பெரும்பாலானவை அசைவற்று நிற்க, நாலைந்து இழைகளில் மட்டும் நீர் விரைந்து போவது தெரிந்தது. பாடப்புத்தகத்தில் படித்த சராசரி என்பது எவ்வளவு சமமற்ற ஒன்றின் சராசரி என்பதை அந்தப் படத்தைப் போல வேறு எதுவும் எனக்குக் கற்பித்ததில்லை.

வரம்பை நகர்த்தியபோது

நான் வேலை செய்துகொண்டிருந்தது பொதுவில் கிடைக்கும் மணற்கல் படம் ஒன்றில். உலகெங்கும் இந்தத் துறையில் பழகுகிறவர்கள் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துப் பெரீயா மணற்கல், அல்லது பாரிசுக்குத் தெற்கே கிடைக்கும் ஃபோன்டன்புளோ மணற்கல். பின்னது ஏறத்தாழ முழுவதும் குவார்ட்சு மணிகளால் ஆனது. களிமண் கலப்பு இல்லை என்பதால் கணக்குக்கு மிகவும் ஒத்துழைக்கும் கல். சாம்பல் அளவுகளை வரைபடமாகப் போட்டால் இரண்டு மேடுகள் தெரியும்: ஒன்று துளை, ஒன்று கல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஏதோ ஓர் இடத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் துளை, அந்தப் பக்கம் கல் என்று சொல்லிவிட வேண்டும். எங்கே கிழிப்பது என்பதற்கு 1979இல் நோபுயுகி ஓட்சு தந்த வழி இன்றும் பயன்படுகிறது. அதற்குப் பின் இன்னும் நுட்பமான வழிகள் எத்தனையோ வந்துவிட்டன. மென்பொருளில் அது ஒரே பொத்தான். அழுத்தினால் கருப்பும் வெள்ளையுமாகப் படம் வந்துவிடும். அதன் பிறகு நடப்பதெல்லாம் இயற்பியல்.

அந்தப் பொத்தானை அழுத்தாமல், கோட்டைக் கையால் நகர்த்திப் பார்க்கத் தோன்றியது. பள்ளத்தின் நடுவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இடப்புறம் தள்ளினேன். அதாவது எது துளை என்பதில் மேலும் மேலும் கண்டிப்பு காட்டினேன். திரையில் படம் மாறியதே கண்ணுக்குத் தெரியவில்லை. மணிகளின் விளிம்பில் மட்டும் ஒரு வாக்ஸல் அகலத்துக்குக் கருப்பு வெள்ளையாகிக்கொண்டிருந்தது. புரைமை மெதுவாகக் குறைந்தது. ஊடுபுகுதிறனோ அதைவிடப் பலமடங்கு வேகமாகச் சரிந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்று முதலில் சமாதானம் செய்துகொண்டேன். கோசெனி 1927இலும் கார்மன் 1937இலும் தந்த பழைய உறவின்படியே, மணியின் அளவு மாறாமல் புரைமை 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டுக்கு, அதாவது பாதியாகக் குறைந்தால், ஊடுபுகுதிறன் பத்தில் ஒன்றாகிவிடும். ஃபோன்டன்புளோ கற்களை அளந்து 1985இல் பூர்பியேயும் சின்ஸ்னரும் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது: புரைமை சுமார் 9 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்வரை ஊடுபுகுதிறன் அதன் முப்படியை ஒட்டிப் போகிறது, அதற்குக் கீழே ஏழாம் படியையும் தாண்டிய வேகத்தில் விழுகிறது.

ஆனால் கோடு ஓரிடத்தைத் தொட்டதும் எண் பூச்சியமாகிவிட்டது. குறைந்துபோகவில்லை, ஒரேயடியாக இல்லாமலே போனது. படத்தின் ஒரு முகத்திலிருந்து எதிர்முகம்வரை போகும் தொடர்ச்சியான வழி அறுந்துவிட்டது. எங்கே அறுந்தது என்று தேடிப் போனேன். இரண்டு குவார்ட்சு மணிகள் ஏறத்தாழ ஒட்டிக்கொள்ளும் இடுக்கில், மூன்று நான்கு வாக்ஸல் அகலமே உள்ள ஒரு தொண்டை. அதன் நடுவில் இருந்த வாக்ஸல்களின் சாம்பல் அளவு துளையின் கருமையும் இல்லை, கல்லின் வெளுப்பும் இல்லை. ஏனென்றால் அந்த ஒரு வாக்ஸலுக்குள் கல்லும் துளையும் இரண்டும் இருக்கின்றன. எக்ஸ்ரே இரண்டின் சராசரியைத்தான் காட்டும். அங்கே திறப்பு ஒரு மைக்ரானா, அரை மைக்ரானா, அல்லது சிமென்ட்போல் படிந்த சிலிக்காவால் அடைபட்டதா என்பதைப் படம் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. நான்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மேல் லாட்டிஸ் போல்ட்ஸ்மான் எவ்வளவு துல்லியமாக ஓடினாலும், அந்த முடிவின் விளைவைத்தான் அது துல்லியமாகக் கணக்கிடும்.

அன்றுதான் கருத்தரங்கில் கேட்ட வாக்கியத்தில் என்னை நெருடியது எது என்று புலப்பட்டது. படத்திலிருந்து எண்ணுக்குப் போகும் வழியில் இயற்பியல் வருவதற்கு முன்பே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தீர்ப்பு எழுதப்படும் இடங்களும் சாதாரண இடங்கள் இல்லை: படத்தின் பெரும்பகுதியில் எது கல், எது துளை என்பதில் யாருக்கும் ஐயம் வராது, ஐயம் வரும் ஒருசில வாக்ஸல்கள் பெரும்பாலும் தொண்டைகளிலேயே இருக்கின்றன. நீர் போவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் அதே தொண்டைகள்தான். 2013இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வில் ஒரே கற்களின் ஒரே படங்களை வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். பிரிப்புகள் ஒத்துப்போகவில்லை, அதனால் கணக்கிட்ட ஊடுபுகுதிறன்களும் வேறுபட்டன. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. இவ்வளவு நன்றாக நடந்துகொள்ளும் கற்களிலேயே இந்த நிலை என்பதை அந்தத் துறையே வெளிப்படையாக எழுதிவைத்தது.

ஒலியின் வேகத்தைக் கணக்கிடும்போது இதே சங்கதி வேறு முகம் காட்டும். மணிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மைக்ரானைவிட மெல்லிய விரிசல்கள் உண்டு. படத்தில் அவை தெரியாது என்பதால் கணினி அந்த மணிகளை ஒட்டவைத்துவிடுகிறது. கணினிக்குள் இருக்கும் கல் நிஜக் கல்லைவிட விறைப்பாகிவிடும். கணக்கிட்ட வேகம் அளந்த வேகத்தைவிடக் கூடுதலாக வரும். நிஜக் கல்லை ஆய்வகத்தில் நன்றாக அழுத்தினால் அந்த விரிசல்கள் மூடிக்கொண்டு வேகம் ஏறுவதைப் பார்க்கலாம். ஆக, கணினி சொல்லும் கல் ஆழத்தில் நசுங்கிக் கிடக்கும் கல்லுக்கு ஓரளவு நெருக்கம். கையில் இருக்கும் கல்லுக்கு அவ்வளவு நெருக்கமில்லை.

மதுரையின் அடியில் இருப்பது

மணற்கல்லிலேயே இப்படி என்றால் நம் ஊர்ப் பாறையை என்ன செய்வது? தமிழ்நாட்டின் பரப்பில் சுமார் 73 விழுக்காடு கடும்பாறைப் பகுதி. மதுரையைச் சுற்றிச் சார்னோக்கைட்டும் நைஸ் பாறைகளும் கிரானைட்டும்தான் அடித்தளம். பூமிக்குள் மிக ஆழத்தில், மிகுந்த வெப்பத்தில் வெந்து உருவானவை. யானைமலையும் திருப்பரங்குன்றமும் சமணர் மலையும் அந்த அடித்தளம் வெளியே தலைகாட்டும் இடங்கள். வெதும்பிச் சிதையாத சார்னோக்கைட்டில் புரைமை நூற்றுக்கு ஒன்றைக்கூடத் தொடாது. மணிகளுக்கு நடுவே இடைவெளி என்று ஒன்று இல்லை. கனிமங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு கிடக்கின்றன. 2 மில்லிமீட்டர் கனசதுரத்தை ஸ்கேன் செய்தால் இரண்டு மூன்று கனிமங்களும் அவற்றின் எல்லைகளும் தெரியும். நீருக்கான வழி எதுவும் தெரியாது.

ஆனால் நீர் இருக்கிறது. கீழக்குயில்குடியில் சமணர் மலைமேல் ஏறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனவர்கள் அங்கே சிற்பங்களுக்கு அருகே இருக்கும் சுனையைப் பார்த்திருப்பார்கள். வெறும் பாறை உச்சியில் தண்ணீர் எப்படி வந்தது என்று உடன் வருகிறவர்கள் கேட்பதுண்டு. இந்தக் குன்றுகளின் பாறை, மேலே அழுத்திய பாரம் காலப்போக்கில் அரித்துப் போனதால், வெங்காயத் தோல்போல் மேற்பரப்புக்கு இணையான பிளவுகளாக விலகியிருக்கும். மலையேறும்போது காலடியில் படிக்கட்டுபோல் தெரியும் தட்டுகளின் விளிம்புகள் அவைதாம். மழைநீர் அந்தப் பிளவுகளில் இறங்கி, மெல்ல நகர்ந்து, பள்ளம் கண்ட இடத்தில் வெளியே வரும். ஈரமான மாதங்களில் பிளவின் கோட்டை ஒட்டி மட்டும் பாறை கறுத்து, பாசி பிடித்து, மேலும் கீழும் வறண்டிருப்பதைக் கைவைத்தே உணரலாம். நம் பாறையில் புரை என்பது அந்தக் கோடு மட்டுமே.

இந்தக் கோட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. பெரிய கணினி தேவையில்லை, தாளும் பேனாவும் போதும். இரண்டு வழவழப்பான சுவர்களுக்கு நடுவே ஓடும் நீரின் அளவு, இடைவெளியின் முப்படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பாறையில் ஒரு மீட்டருக்கு ஒரு பிளவு, அதன் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பிளவு பாறைக்குத் தரும் புரைமை பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.01 விழுக்காடு. அது தரும் ஊடுபுகுதிறனோ, பிளவின் திசையில், சுமார் 84 மில்லிடார்சி (ஆயிரம் மில்லிடார்சி ஒரு டார்சி). எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் ஒரு மணற்கல்லில் இந்த எண்ணைக் கண்டால் மகிழ்ச்சி அடைவார்கள். ஒன்றுமே இல்லாத கல், ஒரே ஒரு மெல்லிய பிளவினால் நல்ல மணற்கல்லைப்போல் நீர் விடுகிறது. பிளவு இரட்டிப்பு அகலமானால் எட்டு மடங்கு. பாதியானால் எட்டில் ஒன்று.

இப்போது அந்தப் பாறையை மைக்ரோ சிடிக்குக் கொண்டுபோவோம். நாம் எடுத்த 2 மில்லிமீட்டர் துண்டில் அந்தப் பிளவு அகப்பட்டுவிட்டால், கணக்கு சுமார் 42 டார்சி என்று சொல்லும்: உண்மையைவிட ஐந்நூறு மடங்கு. அகப்படாவிட்டால் பூச்சியம் என்று சொல்லும். இரண்டு விடையும் அந்தத் துண்டுக்குச் சரி. இரண்டும் அந்த நிலத்துக்குத் தவறு. மணற்கல்லில் சில மில்லிமீட்டர் துண்டே முழுக்கல்லின் குணத்தைக் காட்டிவிடுவதால் இந்தக் கேள்வி எழுவதில்லை. நம் பாறையில் அப்படி முழுமைக்குப் பதிலாக நிற்கக்கூடிய துண்டின் அளவு பல மீட்டர். சில இடங்களில் அப்படி ஓர் அளவே கிடையாது. போதாக்குறைக்கு, பாறையை வெட்டி வெளியே எடுத்தவுடன் மேலிருந்த அழுத்தம் போய்ப் பிளவு விரிந்துவிடும். முந்நூறு அடி ஆழத்தில் அது எத்தனை அகலம் இருந்தது என்பதை ஆய்வகத்து மேசைமேல் கிடக்கும் துண்டு சொல்லாது.

வந்த தண்ணீர் நிற்குமா

மேலூருக்கு வடக்கே, பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீர் எட்டாத ஓர் ஊரில் என் சித்தப்பாவுக்கு நிலம். அங்கே புதிதாகப் போர் போட்டபோது நானும் போயிருந்தேன். ரிக் வண்டி இறங்கியதும் முதலில் செம்மண், பிறகு சுக்கான், பிறகு கையால் நசுக்கினால் பொடியாகும் சிதைந்த பாறை. கெட்டிப் பாறை தட்டியதும் கேசிங் பைப்பை இறக்கி நிறுத்திவிட்டு உள்ளே சிறிய துளை போட்டார்கள். காற்றழுத்தத்தில் வெளியே வந்தது வெறும் சாம்பல் புகை. ராடுமேல் ராடு மாற்றியும் அதேதான். பிறகு ஓரிடத்தில் சுத்தியலின் சத்தம் மாறியது. புகை ஈரமாகிச் சேறாகக் கொட்டியது, அதோடு துருநிறம் ஏறிய சில்லுகளும் வந்தன. ஒரு சில்லைக் கழுவிப் பார்த்தேன். ஒரு பக்கம் புதிதாக உடைந்த, பளபளக்கும் கருநீலம். மறுபக்கம் தட்டையாக, பழுப்புப் படலம் பூசினாற்போல் இருந்தது. நெடுங்காலம் நீர் தொட்டுக்கொண்டிருந்த பிளவின் சுவர் அது. அடுத்த ராடுக்குள் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. இரண்டு இன்ச் தண்ணீர் என்று வண்டிக்காரர் சொன்னார். சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. சித்தப்பா மட்டும் சட்டென்று மகிழவில்லை. "எத்தனை அடியில தண்ணி வரும்னு சொல்றதுக்கு ஆள் இருக்கு தம்பி. வந்த தண்ணி எத்தனை நாளைக்கு நிக்கும்னு சொல்றதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

அவர் கேட்டது ஊடுபுகுதிறனை இல்லை, புரைமையை. மேலே போட்ட கணக்கையே நீட்டினால் விடை வருகிறது. மீட்டருக்கு ஒரு பிளவு என்று நூறு மீட்டர் ஆழம்வரை தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு ஏக்கருக்குக் கீழே அந்தப் பிளவுகள் எல்லாவற்றிலும் சேர்ந்து இருக்கும் நீர் சுமார் நாற்பதாயிரம் லிட்டர். மூன்று நான்கு டேங்கர் லாரி. அதற்கு மேலே இருக்கும் சிதைந்த பாறை பத்து மீட்டர் தடிமனும், விட்டுக்கொடுக்கக்கூடிய நீர் நூற்றுக்கு இரண்டு பங்கும் என்று வைத்தால், அதே ஏக்கரில் எட்டு லட்சம் லிட்டர். ஆழத்துப் பிளவு நீரைக் கொண்டுவந்து கொடுக்கும் வழி. நீர் இருக்கும் இடம் மேலே இருக்கும் அந்தச் சொறிக்கல் படலம். நாம் கேசிங் பைப் போட்டு மூடிவிட்டுக் கடந்து போகும் படலம் அதுதான். அதை நிரப்புவது மழையும், மழையைத் தேக்கி வைக்கும் கண்மாயும். கண்மாய் பெருகிய ஆண்டில் நன்றாக ஓடும் போர், கண்மாய் வறண்ட ஆண்டில் பங்குனியிலேயே காற்றுவிடுவது ஏன் என்பதற்கு இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இருபது மடங்கே போதுமான விளக்கம். போரை இன்னும் முந்நூறு அடி இறக்குவதால் புதிய வழி ஒன்று கிடைக்கலாம். புதிய சேமிப்பு கிடைப்பது அரிது. ஆழம் போகப்போகப் பிளவுகள் நெருங்கி மூடிக்கொள்வதால் வழி கிடைக்கும் வாய்ப்பும் குறைகிறது. போருக்குமேல் போர் போட்டுக் கடனில் விழும் ஊர்களில் இந்தக் கணக்கைத் தமிழில், எண்ணோடு, யாராவது உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

போர் போடுவதற்கு முன் மின்தடை பார்க்கும் கருவியோடு வருகிறவர்களின் வேலையும் இதே துறையின் ஒரு கிளைதான். 1942இல் ஆர்ச்சி கண்டு சொன்ன உறவு, நீர் நிரம்பிய மணற்கல்லின் மின்தடையிலிருந்து அதன் புரைமையைக் கணிக்க வழிசெய்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு: மின்சாரத்தைக் கடத்துவது நீர் மட்டுமாக இருக்க வேண்டும், கல்லின் பகுதி கடத்தக் கூடாது. சிதைந்த பாறையில் களிமண் இருக்கும், களிமண்ணும் கடத்தும். மின்தடை குறைவாகக் காட்டிய இடத்தில் துளை போட்டுக் களிமண்ணை மட்டும் கண்டவர்கள் நம் வட்டாரத்தில் உண்டு. கருவி பொய் சொல்லவில்லை. மணற்கல்லுக்காகக் கண்ட உறவை அதன் நிபந்தனையை விட்டுவிட்டு இங்கே கொண்டுவந்ததுதான் காரணம்.

எதைக் கணக்கிட வேண்டும்

இதையெல்லாம் எழுதுவதால் கணினிக் கணக்கே நமக்கு ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழக்கே இராமநாதபுரம் பக்கம் போனால் காவிரிப் படுகையின் படிவுப் பாறைகள் இருக்கின்றன. அங்கே எடுக்கும் எரிவாயுவில் வழுதூரில் மின்சாரம் தயாரிக்கிறார்கள். அந்த மணற்கற்களுக்கு இந்த முறைகள் அப்படியே பொருந்தும். வைகை மணலுக்கும் பொருந்தும்: ஒரே அளவு உருண்டைகளை மிகத் தளர்வாக அடுக்கினால் புரைமை 47.6 விழுக்காடு, மிக நெருக்கமாக அடுக்கினால் 26 விழுக்காடு என்ற எல்லைகளுக்குள் கணக்கைத் தொடங்கி, அளவு கலந்த மணிகளுக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டு போகலாம். நான் வேண்டுவது, கடும்பாறைக்குக் கடும்பாறையின் கணக்கு. பிளவுகளின் திசை, இடைவெளி, நீளம், அகலம் ஆகியவற்றை எண்களாகக் கொடுத்தால், கணினி அவற்றைப் போன்ற பிளவு வலைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, எத்தனையில் நீர் தொடர்ந்து ஓடும், எத்தனையில் வழி அறுந்துபோகும் என்று சொல்லும். ஒற்றை விடை வராது. இத்தனைக்கு இத்தனை என்ற வாய்ப்புத்தான் வரும். மணற்கல் படத்தில் நான் கோட்டை நகர்த்தியபோது கண்டதும் அதே உண்மை என்பதால், ஒற்றை எண்ணை எதிர்பார்க்காமல் இருப்பதே இதில் முதல் பாடம் என்று நினைக்கிறேன்.

இதற்கான தரவு வெளிநாட்டுத் தளங்களில் கிடைக்காது. இங்கேதான் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கைவிடப்பட்ட கிரானைட் குவாரிகளின் செங்குத்துச் சுவர்களில், பாறையின் பிளவுகள் ஏட்டில் வரைந்ததுபோல் பல மீட்டர் உயரத்துக்குத் தெரிகின்றன. அவற்றைப் படமெடுத்து அளப்பதற்கு ட்ரோன் ஒன்றும், பொறுமையுள்ள நாலு மாணவர்களும் போதும். மோட்டார் பழுதானால் போருக்குள் கேமரா விட்டுப் பார்க்கிறார்கள். அந்த வீடியோவில் எந்த அடியில் எந்தச் சாய்வில் பிளவு வெட்டிக்கொண்டு போகிறது என்பது தெளிவாகத் தெரியும். மோட்டார் அகப்பட்டதும் அந்த வீடியோவை யாரும் வைத்துக்கொள்வதில்லை. 1935இல் தைஸ் தந்த முறைப்படி, ஒரு போரை இறைக்கும்போது பக்கத்துப் போரில் மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று அளந்தால், எந்த எக்ஸ்ரேயும் காட்டாத அளவில் பாறையின் வழியும் சேமிப்பும் சேர்ந்து தெரியவரும். பிளவு பட்ட பாறையில் அந்த முறையைக் கவனமாகத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது உண்மைதான். திருத்துவதற்காகவாவது அளவுகள் வேண்டும்.

எல்லாவற்றையும்விட எளியது போர்த் துகள். அன்று அந்தத் துருநிறச் சில்லுகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, மற்ற ஆழங்களின் துகள் எல்லாம் ஒரே குவியலாகச் சேற்றில் கலந்துவிட்டிருந்தது. ராடு மாற்றும்போதெல்லாம் ஒரு பிடி துகளை எடுத்து, அடியளவை எழுதிய சீட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால், எத்தனை அடிவரை சிதைந்த பாறை, எங்கே களிமண், எங்கே பிளவுச் சுவர் என்பது ஒவ்வொரு நிலத்துக்கும் ஆவணமாகிவிடும். அந்த ராடு எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதையும் சேர்த்துக் குறித்தால் பாறையின் உறுதியும் பதிவாகும். இதைச் செய்ய முடியுமா என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். கேட்டால் செய்து கொடுக்கலாம், இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் போர் போடப் போகிறவர்கள் இதைப் படித்தால், பையையும் சீட்டையும் நான் தருகிறேன். துகளை மட்டும் எடுத்து வையுங்கள். எந்த நிலத்தில் சிதைந்த பாறை எவ்வளவு தடிமன் என்ற வரைபடத்தை முதலில் அதிலிருந்தே தொடங்கலாம்.